மூன்று எழுத்தும் பன்னிரண்டு உப்பும்: கொட்டியாரக் குடா அளவீடு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

மூதூர் இறங்குதுறையிலிருந்து வள்ளத்தில் கால்மணி நேரம். அளவுக்கருவிப் பெட்டி கட்டியிருந்த மிதவைக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்தியதும், மீனவர் சங்கத் தலைவர் குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்பினார்.

"இதா மகள் பன்னிரண்டு? பன்னிரண்டெண்டா இப்பிடிக் கரிக்குமா?"

குடாவின் உவர்ப்பு பன்னிரண்டு என்று எழுதி மடியில் வைத்திருந்த றிப்போட்டை மாணவி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நானா, மூண்டு கிழமை, பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அளந்தது. கருவி காட்டினதைத்தான் எழுதியிருக்கிறன்."

அவள் சொன்னது உண்மை. அவர் நாக்கு சொன்னதும் உண்மை. பெட்டி எழுதிய கோப்பில் 'பி.எஸ்.யு.' என்று ஒரு தலைப்பு இருந்தது. அவள் அதை உவர்ப்பு என்று வாசித்தாள். நான் அதை எழுதும்போது நினைத்தது மின்வழங்கியை. ஆம், பெட்டிக்கு மென்பொருள் எழுதியவன் நான்தான். ஆகவே நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கும் பொறுப்பும் எனக்கே உரியது. ஆட்களின் பெயரையும் நாங்கள் சார்ந்த நிறுவனத்தின் பெயரையும் விட்டிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியே.

இடம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி இங்கேதான், மூதூருக்கு அருகே, கடலில் விழுகிறது. சோளகக் காலத்தில் குடாத் தண்ணீருக்கும் வெளிக்கடல் தண்ணீருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. வாடை தொடங்கி மாரி இறங்கியதும் நிலைமை மாறிவிடும். மகாவலித் தண்ணீர் மண்ணிறத்தில் குடாவுக்குள் நீண்டுவரும். நீல நீரும் கலங்கல் நீரும் சேருகிற கோட்டை வள்ளத்திலிருந்தே காணலாம். சமுத்திரங்களின் சராசரி உவர்ப்பு 35, அதாவது ஒரு கிலோகிராம் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. கங்கை, பிரம்மபுத்திரா முதலிய பெரிய ஆறுகள் கொட்டுவதால் வங்காள விரிகுடாவின் மேல்நீர் அதைவிடக் குறைவு. மகாவலி வாய்க்கு நெருங்க நெருங்க அது இன்னும் இறங்கும். வெள்ளக் காலத்தில் ஆற்று வாயில் 12 அல்ல, 5 என்று அளந்தாலும் யாரும் வியக்கமாட்டார்கள். இந்த நிகழ்வின் முதல் சிக்கல் இதுதான்: பிழையான எண் நம்பக்கூடிய எண்ணாக இருந்தது.

சங்கத்தினருக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விடயம். குடாவின் ஓர் ஒதுக்குப்புறத்தில் கடலட்டைப் பண்ணை போடலாமா? கடலட்டை முட்தோலி இனம். சுற்றியுள்ள நீரின் உப்புக் குறைந்தால் தன் உடலின் உப்பைக் காத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. மீன் என்றால் நீந்திப் போய்விடும். பட்டிக்குள் கிடக்கும் அட்டை எங்கே போகும்? வலை, கம்பு, குஞ்சு எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சங்கத்தினர் கடன் எடுக்கவிருந்தார்கள். அந்த இடத்தில் ஒரு மாரி முழுக்க உப்பை அளந்து தாருங்கள் என்று எங்களைக் கேட்டிருந்தார்கள்.

பெட்டி

பெட்டியை நாங்களே ஒட்டிப் பூட்டினோம். நீர்புகாத பிளாஸ்டிக் பெட்டி, மேலே சின்ன சோலார் பனல், உள்ளே 12 வோல்ட் பற்றரி, சார்ஜ் கொன்ரோலர், எழுதுவதற்கு ஒரு எஸ்.டி. கார்ட். இரண்டு மீற்றர் ஆழமான இடத்தில் மிதவை. அதிலிருந்து வெப்பநிலை உணரியும் மின்கடத்துதிறன் உணரியும் நீருக்குள் தொங்கின. உணரியில் பாசி பிடிக்காமல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நீர் அடித்துக் கழுவ ஒரு சிறு பம்பி.

கோப்பில் ஆறு தலைப்புகள்: நேரம், வெப்பம், கொண்ட், டி.ஓ., பி.எஸ்.யு., எஸ்.டி.

எல்லாத் தலைப்பையும் சுருக்கி எழுதினேன். அந்தச் சின்னத் திரையில் நீளமான சொல் அடங்காது. அப்போது அது சரியான காரணமாகத்தான் பட்டது.

கணினி திருத்துகிறவர்களுக்கு பி.எஸ்.யு. என்றால் பவர் சப்ளை யூனிட். டவுனில் எந்தக் கடையில் கேட்டாலும், உயிரில்லாமல் வந்த கணினியில் முதலில் பார்ப்பது அதைத்தான். சுவரின் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. இன்டெல் நிறுவனம் 1995 இல் கொண்டுவந்த ஏ.டி.எக்ஸ். நியமத்தில் 12 வோல்ட் தடத்துக்கு ஐந்து சதவீதம் மேலே கீழே போக இடமுண்டு. அதாவது 11.4 இலிருந்து 12.6 வரை. இருபது வருடம் அந்த வேலை பார்த்த என் கண்ணுக்கு, பி.எஸ்.யு. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 12 நிற்பதைவிட இயல்பான காட்சி வேறில்லை. பெட்டிக்குள் இருந்தது பற்றரிதான். ஆனாலும் மின் எங்கிருந்து வருகிறதோ அதற்குக் கை தானாகவே அந்தப் பெயரை இட்டுவிட்டது.

மாணவி படித்தது கடலியல் பக்கம். அவள் முதலாம் வருடத்திலிருந்தே தூக்கித் திரிந்த கைக்கருவியின் திரையில் உப்புக்குப் பக்கத்தில் வருவது பி.எஸ்.யு., பிரக்டிகல் சலினிட்டி யூனிட். இதன் கதை கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது. கடல்நீரைக் காய்ச்சி உப்பை நிறுப்பது கேட்க எளிது, செய்தால் சரிவராது. சூடாக்கும்போது சில சேர்வைகள் சிதைந்து ஆவியாகிவிடும். ஆகவே மின்கடத்துதிறனை வைத்து உவர்ப்பைக் கணிக்கும் வழிக்கு வந்தார்கள். 1978 அளவுத்திட்டம் அதற்கு ஒரு நியமக் கரைசலை வைத்தது: ஒரு கிலோகிராம் கரைசலில் 32.4356 கிராம் பொற்றாசியம் குளோரைட். 15 பாகை செல்சியசில், வளிமண்டல அமுக்கத்தில், ஒரு கடல்நீர் அந்தக் கரைசலுக்குச் சமமாக மின்னைக் கடத்தினால் அதன் உவர்ப்பு 35. ஒரு கடத்துதிறனை இன்னொரு கடத்துதிறனால் வகுப்பதால் விடைக்கு அலகே கிடையாது. வெறும் எண். அலகில்லாத ஒன்றுக்கு அலகு மாதிரி ஒரு பெயரை ஒட்டாதீர்கள் என்று கடலியல் அமைப்புகள் சொல்லிக்கொண்டே வந்திருக்கின்றன. 2010 முதல் கிலோகிராமுக்கு இத்தனை கிராம் என்ற தனி உவர்ப்பு முறையும் வந்துவிட்டது. ஆனாலும் கருவிகளின் திரையிலும் மாணவர் வாயிலும் பி.எஸ்.யு. போகவில்லை. எண்ணைத் தனியே நிற்க விட மனிதருக்கு மனம் வருவதில்லை போலும்.

மூன்று தலைப்புகள், ஒரு பிழை

றிப்போட்டைத் திரும்ப வாசித்தபோது என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது டி.ஓ. பற்றி அவள் எழுதியிருந்த ஒரு வரி: "கரைந்த ஒட்சிசன் உணரி பழுதடைந்துள்ளது, இத்தரவு விடப்பட்டது."

எனக்கு டி.ஓ. என்றால் டிஜிட்டல் அவுட்புட். பம்பி ஓடும்போது 1, மற்ற நேரம் 0. நீரியல் படித்தவருக்கு டி.ஓ. என்றால் டிஸோல்வ்ட் ஒக்சிஜன், நீரில் கரைந்த ஒட்சிசன். ஒட்சிசன் நாள் முழுக்கப் பூச்சியமாய் இருந்தால் குடாவில் மீன் செத்து மிதக்க வேண்டும். அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே உணரி பழுது என்று முடிவெடுத்தாள். எஸ்.டி. நிலைமையும் அதுவே. நான் எழுதியது கார்டில் மிச்சமுள்ள இடம். அவள் பழகியது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், நியம விலகல். ஏழாயிரத்துச் சொச்சம் என்று தொடங்கி நாளுக்கு நாள் குறைந்துகொண்டு போகிற நியம விலகலை அவள் எங்கும் கண்டதில்லை. அதையும் ஒதுக்கிவிட்டாள்.

ஒரே கோப்பு, ஒரே ஆள் எழுதியது, ஒரே ஆள் வாசித்தது. மூன்று சுருக்கங்களும் பிழையாக வாசிக்கப்பட்டன. இரண்டு தப்பிவிட்டன, எண் பொருந்தாததால். மூன்றாவது பொருந்தியது, ஆகவே உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. இதை நான் மாணவியின் கவனக்குறைவு என்று சொல்லமாட்டேன். அவள் கவனமாகத்தான் வேலை செய்தாள். பொருந்தாதவற்றை விலக்கிப் பொருந்தியதை வைத்துக்கொண்டாள்.

கொண்ட் என்ற தலைப்பில் உண்மையான கடத்துதிறன் இருந்ததே, அதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். "உப்பு ஏற்கெனவே கணிச்சிருக்குத்தானே சேர், திரும்ப ஏன் கணிக்கிறது எண்டு விட்டுட்டன்" என்றாள்.

மழையும் வெயிலும் சாட்சி சொன்னபோது

இங்கேதான் விடயம் ஆழமாகிறது. அந்த எண்ணை அவள் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. சோதித்துப் பார்த்தாள். சோதனைகள் எல்லாம் ஆம் என்றன.

முதலாவது மழை. வெயில் நாட்களில் பி.எஸ்.யு. விடியலில் 12.3, நண்பகலில் 14.1. மார்கழி நடுப்பகுதியில் அடைமழை பிடித்த நாட்களில் விடியலில் 11.9 வரை இறங்கியது, நண்பகலிலும் 12.4 ஐத் தாண்டவில்லை. மழை பெய்தால் ஆற்று நீர் கூடும், உப்புக் குறையும். புத்தகத்தில் உள்ளபடியே நடந்திருக்கிறது என்று எழுதினாள். உண்மையில் நடந்தது வேறு. முகில் மூடியதால் சோலார் பனலுக்கு வெயில் கிடைக்கவில்லை. பற்றரி நிறையவில்லை. அதே முகில்தான் மழையாகவும் கொட்டியது. உப்புக்கும் வோல்ட்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் இரண்டையும் இறக்கிய முகில் ஒன்றே.

இரண்டாவது வெயில். பகலில் ஏறி இரவில் இறங்குகிறதே, ஏன்? வெயிலில் நீர் ஆவியாவதால் என்று விளக்கம் எழுதினாள். நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பான நினைப்புத்தான்.

அந்த விளக்கத்தை ஒரு கடுதாசியில் கணக்குப் போட்டால் போதும், உடைந்துவிடும். உவர்ப்பு 12.3 இலிருந்து 14.1 ஆக வேண்டுமென்றால் நீரின் எட்டில் ஒரு பங்கு போக வேண்டும். இரண்டு மீற்றர் ஆழத்தில் அது 25 சென்ரிமீற்றர். நம்முடைய வெயிலுக்கு ஒரு நாளில் திறந்த நீரிலிருந்து ஆவியாவது சில மில்லிமீற்றர்தான். உப்பளப் பாத்தியில் நீர் சில அங்குலம், கடலோடு தொடுப்பும் இல்லை, நாட்கணக்கில் காயவும் விடுகிறார்கள். குடா அப்படியல்ல.

வள்ளத்தில் தலைவர் துப்பிய பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. இரவு கோப்பைத் திறந்து மூன்று கிழமையையும் ஒரே வரைபடமாகப் போட்டேன். இரண்டு விடயங்கள் கண்ணில் குத்தின.

ஒன்று, நேரம். திருகோணமலையில் வற்றுப்பெருக்கு நாளுக்கு இரண்டு முறை. அதை முக்கியமாக நடத்துவது நிலவு. ஆகவே ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். ஆற்று வாய்க்கு அருகே உப்பு ஏறி இறங்கினால் அது பெருக்கோடு சேர்ந்து பிந்திக்கொண்டே போக வேண்டும், நாளுக்கு இரு தடவை ஏற வேண்டும். இந்த வரைபடம் இருபத்தொரு நாளும் ஒரு தடவைதான் ஏறியது. அதுவும் ஒரே மணிக்கு.

மற்றது வடிவம். காலை ஆறரைக்குப் பிறகு மெதுவாக ஏற்றம். பத்து மணிபோல 14.1. அதற்கு மேல் போகாமல், மேசைப் பலகை வைத்தாற்போல் பின்நேரம் வரை தட்டை. ஆறு மணிக்கு முன் செங்குத்தாய் விழுந்து 12.7. பிறகு விடியும்வரை சரிவு. கடல் இப்படித் தட்டையாக வெட்டிக்கொண்டு நிற்காது. பற்றரி கொதித்துவிடாமல் 14.1 இல் நிறுத்துவது சார்ஜ் கொன்ரோலரின் வேலை. வெயில் போனதும் 12.7 க்கு வருவது நிறைந்த ஈயஅமிலப் பற்றரியின் ஓய்வு நிலை. இந்த வளைகோட்டை நான் வாழ்க்கையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கடல்நீரின் பெயரில் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் மாணவியையும் கூட்டிக்கொண்டு போனோம். பெட்டியைத் திறந்து மல்ரிமீற்றரின் சிவப்பு முனையையும் கறுப்பு முனையையும் அவள் கையில் கொடுத்தேன். பற்றரியில் வைத்தாள். மீற்றரில் 12.68. பெட்டியின் திரையில், பி.எஸ்.யு. 12.68. அவள் முனைகளை எடுத்தாள், திரும்ப வைத்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்" என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் என்று அந்த வள்ளத்திலேயே, தலைவருக்கு முன்னாலேயே சொன்னேன்.

உண்மையான உப்பு

கொண்ட் தலைப்பில் இருந்த எண்களை 1978 சமன்பாட்டில் போட்டோம். பெரும்பாலான நாட்களில் 27 பாகையில் சென்ரிமீற்றருக்கு 45 மில்லிசீமன்ஸ் அளவில் இருந்தது. உவர்ப்பு 28. உப்பு உண்மையிலேயே 12.6 என்றால் கடத்துதிறன் இதில் பாதிக்குக் கிட்டத்தான் இருந்திருக்கும். தலைவர் நாக்கில் பட்டது 28.

ஆனால் இதோடு கதை "இடம் நல்லது" என்று முடிந்துவிடவில்லை. அடைமழை தொடங்கிய அன்றே வோல்ட் விழுந்தது. உப்பு அன்று விழவில்லை. இரண்டு நாள் கழித்து, ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை வெள்ளமாக மகாவலி வழியே வந்து சேர்ந்தபோது, ஓர் இரவில் கடத்துதிறன் 31 க்கு இறங்கியது. உவர்ப்பு 18, 19. ஒன்பது மணித்தியாலம் அப்படியே நின்று, காற்றுத் திரும்பியதும் பழைய நிலைக்கு ஏறியது. பிழையான எண் "எப்போதும் கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, சங்கத்தினர் அறிந்திருக்க வேண்டிய அந்த ஒன்பது மணித்தியாலத்தை முழுதாக மறைத்திருந்தது. அட்டைக்கு ஆபத்து அந்த இரவில்தான். முதல் றிப்போட்டில் அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சங்கத்தினர் கேட்டுவிட்டு, பண்ணை யோசனையைக் கைவிடாமல், ஆற்று வாயிலிருந்து இன்னும் விலகிய ஓரிடத்தில் அடுத்த மாரியையும் அளந்து பார்ப்பதென்று முடிவெடுத்தார்கள். கடன் விண்ணப்பத்தைப் பிற்போட்டார்கள். எனக்கு அது பொறுப்பான முடிவாகவே பட்டது.

திருத்தம்

தலைப்புகளை மாற்றினோம். இப்போது 'நடைமுறை உவர்ப்பு', 'பற்றரி வோல்ட்', 'பம்பி ஓடுகிறதா', 'கார்டில் மிச்சம்' என்று முழுச் சொல்லில் வருகிறது. சின்னத் திரைக்கு அடங்காவிட்டால் இரண்டு வரியில் வரட்டும். காலநிலை, கடல் தரவுகளைக் கையாள்பவர்களுக்கு சி.எஃப். என்று ஒரு மரபு இருக்கிறது. அதில் உவர்ப்பின் பெயர் 'ஸீ வாட்டர் பிரக்டிகல் சலினிட்டி' என்று முழுதாக, அலகு வெறும் 1 என்று. முன்பு அதைப் பார்த்து இவ்வளவு நீளம் எதற்கு என்று நினைத்திருக்கிறேன். இப்போது அந்த நீளத்தின் ஒவ்வொரு எழுத்துக்கும் காரணம் தெரிகிறது.

உயிரியலாளர்கள் எங்களைவிடப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். செப்டின் என்ற மரபணுக் குடும்பத்தின் சுருக்கப் பெயர்களை எக்செல் செப்ரெம்பர் மாதத் திகதிகளாக மாற்றிவிடும், மார்ச் என்று தொடங்கும் பெயர்களையும் அப்படியே. ஆய்வுக் கட்டுரைகளின் இணைப்புகளில் மரபணு இருக்க வேண்டிய இடத்தில் திகதி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் 2020 இல் பெயரிடும் குழு மரபணுக்களின் சுருக்கத்தையே மாற்றிவிட்டது. மென்பொருள் மாறும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

தமிழில் எழுதினால் இந்தத் தொல்லை தீருமா? அதையும் அனுபவித்தேன். திருத்தக் குறிப்பில் மாணவிக்கு "ஐந்தாம் நிரலைச் சரிபார்க்கவும்" என்று எழுதியிருந்தேன். அட்டவணையில் நிரை குறுக்கே, நிரல் நெடுக்கே என்று பள்ளிக்கூடத்தில் படித்த பொருளில். அவளோ பெட்டியின் மென்பொருள் கோப்புகளைத் திறந்து ஐந்தாவதைத் தேடிக்கொண்டிருந்தாள். கணினிப் பாடத்தில் நிரல் என்றால் கட்டளைத் தொகுப்பு. இரண்டு பேரும் சிரிக்கவில்லை. குறிப்பைக் கிழித்துவிட்டு "அட்டவணையின் ஐந்தாம் நெடுவரிசை" என்று எழுதிக் கொடுத்தேன்.

பெட்டி புதிய இடத்தில் மிதக்கிறது. மூடிக்கு உட்புறத்தில் ஒரு தாள், லமினேற் செய்தது. ஒவ்வொரு எண்ணும் என்ன, அலகு என்ன, எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும், யார் எழுதியது என்று மாணவி தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள். தலைவர் கேட்டுக்கொண்டபடி அடியில் இன்னொரு வெற்றுக் கட்டமும் உண்டு. அந்தப் பக்கம் வள்ளம் போகும் நாட்களில் அவர் ஒரு கை நீரை வாயில் விட்டுப் பார்த்து, 'கரிப்பு', 'பாதிக் கரிப்பு', 'சப்பு' என்று பென்சிலால் எழுதுகிறார். எழுதிவிட்டுத் திரையைப் பார்த்து எனக்குப் போன் எடுப்பார்.

"தம்பி, உப்பு இருபத்தொன்பது. பற்றரி பன்னிரண்டு ஆறு. நான் கரிப்பெண்டு போட்டிருக்கன்."